தந்தையின் ஊரும் மகனின் கண்ணீரும்

ஊரைப் பாடுவது எளிது. ஊரை உரைப்பது அரிது. பாடுவோனுக்குத் தன் நெஞ்சின் நெகிழ்ச்சி ஒன்றே போதும். உரைப்போனுக்கோ, அவ்வூரில் யார் வாழ்ந்தனர், எவ்வாறு வாழ்ந்தனர், எதனால் அதனை விட்டு நீங்கினர் என்னும் மூன்றும் தெரிந்திருத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை மறந்து எழுதப்பெறும் ஒரு வகைக் கட்டுரை நம் நாட்டுத் தமிழ் ஏடுகளில் மலிந்து வருகிறது. அதன் நிறைகுறைகளை நடுநிலையோடு எடைபோட்டுப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

தாயோ தந்தையோ பிறந்து வளர்ந்த ஊருக்கு மக்களும் பேரமக்களும் ஒரே மோட்டார் வண்டியில் கூடிச் சென்று மீண்ட வரலாறே அக்கட்டுரையின் பொருள். இந்நாட்டுத் தமிழரிற் பலர்க்கு முன்னோர் ஊர் என்பது தோட்டமே. ஆகவே, தந்தை பிறந்த தோட்டத்தைத் தேடிச் செல்லும் பயணத்தையே நாம் அடிக்கடி படிக்கிறோம். அதன் அமைப்பு அச்சில் வார்த்தது போன்றது. விடியற்காலையில் குடும்பம் புறப்படும். வழியில் நாசி லெமாக் உண்ணும். விரைவுச் சாலையை விட்டு இறங்கியதும் பாதை தெரியாது மயங்கும். பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கும். லயம் இருந்த இடத்தில் புல் மண்டியிருக்கும். கோயில் ஒன்று மட்டும் எஞ்சியிருக்கும். தந்தை கண் கலங்குவார். மகன் கைப்பேசியில் படம் பிடிப்பான். அந்தப் பொற்காலம் இனி வருமோ என்னும் ஏக்கத்தோடு கட்டுரை முடியும்.

இத்தகைய பயணத்தை நாம் இகழவில்லை. பெற்றோர் நடந்த மண்ணைப் பிள்ளைகள் காண விரும்புதல் நன்று. ஒருநாள் விடுமுறையைக் கடைத்தெருவிற் கழிக்காமல் முதியவரை அழைத்துக்கொண்டு நூறு கல் தொலைவு செல்பவன் நல்ல மகனே. ஆனால், நல்ல மகன் எழுதியது ஆதலின் நல்ல கட்டுரை ஆகிவிடாது. எழுத்துக்கென்று ஒரு கடன் உண்டு. அதிலும் இப்பொருளைப் பற்றிய எழுத்துக்கு அக்கடன் பெரிது. தோட்டத்து அலுவலகக் கணக்கேடுகள் நாள்தோறும் பாலின் எடையைக் குறித்தன. பால் வெட்டியவனின் மனத்தை எவரும் குறிக்கவில்லை. அதனை அறிந்தவர் இன்று முதுமையடைந்துள்ள நம் பெற்றோரே. அவர்கள் வாய் மூடுமுன் எழுதப்படுவதே பின்வருவோர்க்கு எஞ்சும். அது பொய்யாக எழுதப்பட்டால், திருத்துவதற்கு ஆள் இராது.

பழைய கிழவர் ஒருவர்

இவ்வகை எழுத்தை எந்த அளவுகோலால் அளப்பது? வெளியே தேட வேண்டியதில்லை. புறநானூற்றின் 243-ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். பாடியவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. தாம் ஊன்றி நடந்த கோலைப் பற்றி அவர் பாடிய தொடராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் பெற்றவர். இருமலுக்கிடையே சில சொற்களே பேசக்கூடிய நிலையில் இருக்கும் அம்முதியவர் தம் இளமையை நினைக்கிறார்.

அவர் நினைப்பது என்ன? ஊரின் பெருமையை அன்று. ஊராரின் நற்குணத்தை அன்று. மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டியது, பொய்கையில் தோழியரோடு கைகோத்து ஆடியது, நீரின் மேல் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறிக் கரையிலிருப்போர் வியக்கக் குதித்தது, ஆழத்திற் சென்று அடிமணலை அள்ளி வந்தது, இவையே. அனைத்தும் அவர் தம் கையாலும் காலாலும் செய்தவை. தம் ஊர் பொன்னுலகம் என்று ஓரிடத்தும் அவர் சொல்லவில்லை. அள்ளி வந்த மணலையே நம் முன் வைக்கிறார். நாமோ, அவர் வாழ்ந்த குளத்தைக் கண்டதாகவே உணர்கிறோம்.

நம் பயணக் கட்டுரைகளில் இந்த ஒரு பிடி மணல் இல்லை. 'என் தந்தை இங்கேதான் ஓடி விளையாடினார்' என்று எழுதுகிறார்கள். எங்கே ஓடினார்? பெரட்டுக் களத்திலா, பால் கொட்டும் ஸ்டோரின் முன்னா, ஆற்றங்கரையிலா? என்ன விளையாட்டு? கித்தாக் கொட்டையைத் தேய்த்துச் சுட வைத்து அடுத்தவன் தொடையில் வைக்கும் குறும்பா? பள்ளிக்குச் செல்லுமுன் தாயோடு நிரைக்குச் சென்று மங்கு துடைத்த நாட்கள் எத்தனை? இவற்றைக் கேட்டறியாத மகன் தன் அறியாமையை 'ஓடி விளையாடினார்' என்னும் பொதுச் சொல்லால் மூடுகிறான். பொதுச்சொல் எவர் தந்தைக்கும் பொருந்தும். எவர்க்கும் பொருந்துவது இவருடையது ஆகாது.

பாரியின் மக்கள்

இன்னொரு பாட்டையும் பார்ப்போம். அதே நூலின் 112-ஆம் பாட்டு ஐந்தே அடிகள் உடையது. பறம்பின் தலைவன் பாரியின் மகளிர் பாடியது. தந்தையையும் மலையையும் ஒருங்கே இழந்த பெண்கள் சென்ற மாதத்து நிலவையும் இந்த மாதத்து நிலவையும் எதிரெதிரே நிறுத்துகின்றனர். இதன் சோகத்தைப் பலர் பாராட்டியுள்ளனர். நாம் பாராட்ட விரும்புவது வேறொன்றை. குன்றைக் கொண்டவர் யார் என்பதை அப்பெண்கள் மறைக்கவில்லை. முரசு முழங்கும் வேந்தர் வென்று கொண்டனர் என்று வெளிப்படையாகவே உரைக்கின்றனர். இழப்பும் உண்டு; இழப்புக்குக் காரணமானவரும் உளர். ஐந்தடியில் இரண்டுக்கும் இடம் இருந்தது.

ஐந்து பத்தி எழுதும் நம்மவர்க்குக் காரணம் கூற இடம் இல்லாமற் போவது எவ்வாறு? 'காலம் மாறிவிட்டது' என்பதே அவர்கள் கூறும் ஒரே காரணம். காலம் எந்த லயத்தையும் இடித்ததில்லை. இடித்தவர் மனிதர், இடித்ததற்கு ஆண்டும் உண்டு. 1950-களிலும் அடுத்த பத்தாண்டிலும் வெள்ளையர் கம்பெனிகள் தம் தோட்டங்களை விற்றபோது நிகழ்ந்த துண்டாடலால் ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் ஒருசேர இழந்தனர். அதனைத் தடுக்கும் பொருட்டே தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தோற்றுவித்தார். 1969-ஆம் ஆண்டிற் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதி வேண்டும் என்னும் விதி வந்தபோது, பிறந்த நாட்டிலேயே அயலாராகிப் பலர் கப்பலேறினர். பின்னர் பால்மரத்தைச் செம்பனை வென்றது. செம்பனையை வீட்டுமனை வென்றது.

இன்றைய புத்ராஜெயாவை நோக்குக. நாட்டின் ஆட்சித் தலைமையகமான அந்நகர் எழுந்த நிலம் பேராங் பெசார் தோட்டத்துக்குரியது. முதல் உலகப் போரில் ஈடுபட்டு மீண்ட ஆங்கிலேயர் 1921-ஆம் ஆண்டில் அமைத்த தோட்டம் அது. 'பெரும்போர்' என்பதே அம்மலாய்ப் பெயரின் பொருள். 1999-ஆம் ஆண்டிற் பிரதமர் அலுவலகம் அங்குச் சென்றது. அத்தோட்டத்திலும் அண்டைத் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் வட்டாரத்து அடுக்கு வீடுகளுக்குப் பெயர்ந்தன. அங்குப் பிறந்த ஒருவரை அவர் மகன் இன்று வண்டியில் ஏற்றிச் சென்றால், அகன்ற தெருக்களையும் ஏரியையும் காட்டலாம். தந்தையின் நிரையைக் காட்ட இயலாது. அந்த மகன் எழுத வேண்டிய கட்டுரை ஏக்கக் கட்டுரையா, வரலாற்றுக் கட்டுரையா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

மேனாட்டுப் படம் ஒன்று

செயலைச் சொல்லுதல், காரணத்தைச் சொல்லுதல் என்னும் இரண்டைக் கண்டோம். மூன்றாவது ஒன்றும் உண்டு: சொல்லாததை மதித்தல். இதற்கு நம் பழம்பாட்டினும் தெளிவான சான்று ஓர் அமெரிக்கத் திரைப்படத்தில் இருக்கிறது. அலெக்சாண்டர் பெய்ன் இயக்கி 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த 'நெப்ராஸ்கா' என்பது அப்படம். கருப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. முதியவராக நடித்த புரூஸ் டெர்ன் அவ்வாண்டு கான் படவிழாவிற் சிறந்த நடிகர் பரிசு பெற்றார்.

கதை சிறிது. வூடி என்னும் முதியவர் குடிப்பழக்கம் உடையவர், நினைவு தடுமாறுபவர். விற்பனைத் தந்திரமாக வந்த ஒரு கடிதத்தைக் கண்டு, பத்து லட்சம் டாலர் தமக்குப் பரிசு விழுந்ததென நம்பி, அதனை வாங்க லிங்கன் நகருக்கு நடந்தே செல்லத் துணிகிறார். தடுக்க இயலாத இளைய மகன் டேவிட் அவரை வண்டியில் அழைத்துச் செல்கிறான். வழியில் தந்தையின் பழைய ஊரில் தங்க நேர்கிறது. தாயும் மூத்த மகனும் பின்னர் வந்து சேர்கின்றனர். பணம் வந்ததாகக் கேள்விப்பட்ட உறவினரும் பழைய கூட்டாளியும் பங்கு கேட்டு மொய்க்கின்றனர். சொந்த ஊர் என்றதும் பால்போன்ற உள்ளங்களையே காணும் நம் கட்டுரையாளர் இப்பகுதியைக் கண்டிப்பாகப் பார்த்தல் வேண்டும்.

குடும்பம் முழுதும் பாழடைந்த பழைய பண்ணை வீட்டிற்குச் செல்கிறது. நம்மவர் எழுதியிருந்தால் இவ்விடத்தில் ஒரு குடம் கண்ணீர் வடித்திருப்பார். வூடி அழவில்லை. அறை அறையாக நடக்கிறார். பெற்றோரின் படுக்கையறைக்குள் நுழைந்தால் சிறுவயதில் அடி விழும் என்பதை நினைவுகூர்ந்து, இனி அடிப்பார் எவரும் இல்லை என்கிறார். அவ்வளவே. அந்த ஒரு பேச்சில் ஒரு குழந்தைப் பருவம் முழுதும் இருக்கிறது. அது இனிய பருவம் அன்று என்பதும் இருக்கிறது. மகனின் கேள்விகளுக்கு அவர் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில் விடை தருகிறார். அவர் கொரியப் போரிற் பட்ட துன்பத்தை மகன் அறிவது தந்தையின் வாயால் அன்று. ஊர்ச் செய்தித்தாள் நடத்தும் ஒரு மூதாட்டி சொல்லித்தான் அறிகிறான். தந்தையைப் பற்றித் தந்தையிடம் மட்டும் கேட்டால் போதாது என்பது இதன் பாடம்.

படத்தின் முடிவு நம் எழுத்தாளர் ஒவ்வொருவரும் நெஞ்சில் இருத்தத் தக்கது. பரிசும் இல்லை, பணமும் இல்லை. மகன் ஒரு பார வண்டி வாங்கித் தந்தையின் பெயரில் பதிந்து, ஊரின் முதன்மைத் தெருவில் அவரையே ஓட்டச் செய்கிறான். தான் கீழே குனிந்து மறைந்துகொள்கிறான். ஊரார் கண்ணிற் படுபவர் தந்தை ஒருவரே. நம் கட்டுரைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஓட்டுபவன் மகன், படம் பிடிப்பவன் மகன், நெகிழ்பவன் மகன், முடிவுரை கூறுபவனும் மகனே. பின்னிருக்கையில் அமர்ந்த தந்தை, மகனின் உணர்ச்சிக்கு ஒரு சாக்காக மட்டும் வந்து போகிறார்.

படத்திற்கும் குறை உண்டு. அச்சிற்றூர் ஏன் தேய்ந்தது, அங்கு உழவு ஏன் நலிந்தது என்பதை அது கேட்கவில்லை. உறவினரைச் சிரிப்புக்கு இடமாக்குவதிலும் அளவு மீறுகிறது. பாரி மகளிர் ஐந்தடியிற் செய்ததை அது இரண்டு மணி நேரத்தில் செய்யவில்லை. எனினும், முதியவர் ஒருவரின் மௌனத்தை உடைத்து உள்ளே புகாமல், அதன் வாயிலில் மரியாதையோடு நின்றதற்காக அதனைப் போற்றுகிறோம்.

மறைக்கப்படும் சாலை

இம்மூன்று அளவுகளையும் நம் தோட்டங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். குடும்பம் செல்லும் அந்தச் செம்மண் சாலையையே எடுத்துக்கொள்வோம். கட்டுரைகளில் அது குளிர்ந்த நிழற்சாலை. வரலாற்றில் அது வேறு. 1941-ஆம் ஆண்டிற் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில், கூலி உயர்வோடும் கள்ளுக்கடை மூடலோடும் மற்றொன்றும் இருந்தது. துரையும் கிராணியும் எதிரே வரும்போது தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. அவ்வேலைநிறுத்தம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது; உயிர்களும் போயின. எதற்கு? சாலையில் இறங்காமற் செல்லும் உரிமையும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. அதே வட்டாரத்துச் சாலையில் இன்று பேரன் குளிரூட்டிய வண்டியில் எவர்க்கும் இறங்காமற் செல்கிறான். இதனை எழுதாத கட்டுரை அச்சாலையின் நிழலை எழுதி என்ன பயன்?

இவ்வாறே லயத்தின் ஒற்றுமையைப் புகழ்கிறார்கள். ஒற்றுமை இருந்ததுண்டு, பட்டினியில் அரிசி பகிர்ந்ததுண்டு, சயாம் மரண இரயில் பாதைக்கு 1942-ஆம், 1943-ஆம் ஆண்டுகளில் ஆண்களை வாரிச் சென்றபின், எஞ்சிய பெண்டிர் ஒருவர் பிள்ளையை ஒருவர் காத்ததுண்டு. ஆயினும் சாதி பார்த்து லயம் பிரித்த தோட்டங்களும் இருந்தன. கூலி நாளன்று கள்ளுக்கடையிற் பாதிக் கூலியை விட்டுவந்த தந்தையரும் இருந்தனர். கோயில் எஞ்சியதைக் கண்டு மகிழ்வோர், பள்ளி எஞ்சியதா என்று கேட்பதில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளிகளைப் பள்ளி நடத்துமாறு பணித்தது. பல இடங்களில் அது ஒரு கொட்டகையாகவே நின்றது. அக்கொட்டகையில் எழுத்தறிந்து, பிள்ளைகளை மேலும் படிக்க வைத்தவர்களாலேயே இன்றைய மகன் பேனா பிடிக்கிறான்.

தாய் பிறந்த ஊர்

மற்றொரு குறை பெரிது. ஏறக்குறைய எல்லாப் பயணமும் தந்தையின் ஊருக்கே. தாய்க்கும் ஓர் ஊர் உண்டன்றோ! தந்தை தம் ஊரை இழந்தது தோட்டம் அழிந்தபோது. தாய் தம் ஊரை இழந்தது மணமான அன்றே. கணவனின் தோட்டத்திற்கு வந்த அவள், இருள் பிரியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, ஆணுக்குச் சமமாக மரம் வெட்டினாள். போருக்கு முன் அரசு தரக்கூலி வகுத்த காலத்தும் பெண்ணின் கூலி ஆணின் கூலியினும் குறைவாகவே வகுக்கப்பட்டது. மாலையில் வீட்டு வேலை அவளுக்கு மீண்டும் தொடங்கியது. அவளை வண்டியில் முன்னிருத்தி, 'அம்மா, நீ பிறந்த தோட்டம் எது?' என்று கேட்டு எழுதிய கட்டுரை அரிதினும் அரிது. பாரியின் ஊரைப் பற்றிப் பெண்கள் பாடிய பாட்டு நமக்கு இருக்கிறது. நம் தாயரின் ஊர்களுக்கு அது கூட இல்லை.

எதிர்வாதம்

'முதியவர் மனம் குளிரச் செல்லும் பயணத்திற் கூலியையும் கள்ளையும் கிளறுவது கொடுமையன்றோ?' எனச் சிலர் வினவலாம். மனம் குளிர்வித்தல் பயணத்தின் பணி. அதனைத் தடுப்பார் இல்லை. எழுத்து, அப்பயணத்தில் வராத ஆயிரம் பேர்க்காகவும் செய்யப்படுவது. மேலும், துன்பத்தை நீக்கிய இன்பம் தந்தையையே சிறுமைப்படுத்துகிறது. பொற்காலத்தில் வாழ்ந்தவர் எனின், அவர் அதனை விட்டு வந்தது அறியாமை ஆகும். உண்மையில், தம் பிள்ளை வாளி தூக்கக் கூடாது என்று உறுதி பூண்டே பலர் வெளியேறினர். அவ்வுறுதியை எழுதாது ஏக்கத்தை மட்டும் எழுதினால், அவர் வாழ்நாளில் செய்த பெருஞ்செயல் கட்டுரையில் இடம் பெறாது போகும்.

'அவ்வாறாயின் அன்புக்கு இடமே இல்லையா?' எனின், உண்டு. விட்டு வந்த இடத்தையும் மனிதன் நேசிப்பான். வெறுத்து நீங்கிய தோட்டத்தின் பால் மணத்தை ஒருவர் இறுதிவரை மறவாதிருப்பார். இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் இருப்பதே உண்மை. அவ்விரண்டையும் ஒருங்கே காட்டவல்ல எழுத்தே இலக்கியம் ஆகும். ஒன்றை மட்டும் காட்டுவது வாழ்த்து மடலாகவோ குற்றப்பத்திரிகையாகவோ முடியும்.

ஆகவே, தோழர்களுக்கு நாம் கூறுவது இது. அடுத்த விடுமுறையில் தவறாது செல்லுங்கள். இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் பாட்டுப் பெட்டியை நிறுத்திவையுங்கள். முதல் கூலி எவ்வளவு, அதனை யார் வாங்கிக்கொண்டார், யார் எதிரே வந்தால் வண்டியை விட்டு இறங்கினீர்கள், எந்த நாளில் இங்கிருந்து போவதென்று முடிவு செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிடில் மீண்டும் கேளாதீர்கள். வராத பதிலையும் அப்படியே எழுதுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் இருக்கும் கிழவியிடம் சென்று அவர் அறிந்ததைக் கேளுங்கள். இடித்தது எவர், எந்த ஆண்டில் என்பதை விசாரித்துக் குறியுங்கள். தாயையும் ஒருமுறை அவள் ஊருக்கு அழைத்துச் செல்லுங்கள். இவ்வளவும் செய்தபின் கண்ணீர் வருமாயின், அது படிப்பவர் கண்ணில் வரட்டும்.